மங்கலான ஏழு படங்கள்

என் மனைவி பன்னிரண்டு வருஷம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே என்ன செய்தாள் என்று யாராவது கேட்டால், ஆஸ்பத்திரிக்கு மெஷின் செய்கிற இடம், அதில் டிசைனர் என்பேன். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் முழிப்பேன். மற்ற வீடுகளில் புருஷன்மாருக்கு மனைவியின் ஆபீஸ் கதை காது புளிக்கப் புளிக்கத் தெரியும். யார் யாரை முறைத்தார்கள், எந்த மேனேஜருக்கு எப்போது தலைவலி வரும் என்பதெல்லாம் அத்துப்படி. எனக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று, இங்கே பார்ப்பதையும் செய்வதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். எல்லாரும்தான் போடுகிறார்கள். போட்டுவிட்டுப் பஸ்ஸில் போகும்போது ஊருக்கே கேட்கிற மாதிரி போனில் பேசுகிறார்கள். இவள் ஒருத்தி அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டாள்.

என் தங்கை இவளுக்கு 'பூட்டு' என்று பெயர் வைத்திருந்தாள். குடும்பத்தில் யாருக்கு எந்த ரகசியம் இருந்தாலும் நேராக இவளிடம்தான் வருவார்கள். என் மாமியார் தன் கண் ஆபரேஷனைப் பற்றி இவளிடம் மட்டும் சொன்னார். மருமகனான எனக்கு அது, ஒரு நாள் அவர் கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று இவளிடம் சண்டைக்குப் போனேன். "அம்மா சொல்லாதன்னாங்க" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. கோபித்துக்கொள்ளக்கூட இடம் வைக்காத ஆள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காரியத்தைப் பாழாக்கினவன் நான்தான். ரயில் நிலையத்துக்குப் போகிற தெருவில், மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் இருபத்திரண்டு வருஷமாக அச்சுக் கடை வைத்திருக்கிறேன். விசிட்டிங் கார்டு, பில் புக், காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், பைண்டிங் எல்லாம் உண்டு. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. வருகிறவர்களின் காகிதத்தை நாங்கள் படிக்க மாட்டோம். விவாகரத்து நோட்டீஸ் வரும், ராஜினாமா கடிதம் வரும், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வரும். எழுத்து வெட்டுப்படாமல் விழுகிறதா, ஓரம் நேராக இருக்கிறதா என்றுதான் கண் போகும். படமானாலும் அப்படித்தான். படத்தில் இருப்பது மணமகளா மாட்டு வண்டியா என்று பார்க்க மாட்டேன். தெளிவாக இருக்கிறதா, நிறம் சரியாக ஏறுமா, அவ்வளவுதான். மங்கலான படத்தைக் கொண்டு வந்து பெரிதாக்கிக் கொடு என்று கேட்பவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் கடையிலிருந்து ஒரு மங்கல் படம் வெளியே போனால் மானம் போன மாதிரி எனக்கு. இதை ஒரு பெருமையாக இத்தனை நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவள் கம்பெனியில் அவள் இருந்த பிரிவையே மூடினார்கள். ஒரே நாளில் நாற்பது பேருக்கு வேலை போயிற்று. மற்றவர்கள் பென் டிரைவில் அள்ளிக்கொண்டு வந்தார்களாம், அடுத்த இடத்தில் காட்ட வேண்டுமே என்று. இவள் மட்டும் மேனேஜரின் அறைக்குப் போய், நான் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். அந்த மனுஷன் முதலில் சிரித்தாராம். தனக்கே வேலை நிலைக்குமா என்று தெரியாத நேரத்தில் இப்படி ஒருத்தி வந்து நின்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் நல்ல மனுஷன். மேலதிகாரிகளிடம் பேசி, தன் கையெழுத்திலேயே ஒரு கடிதம் தந்தார். என்ன சிக்கல் இருந்தது, அதை எப்படி யோசித்தாள் என்று சொல்லலாம். ஆஸ்பத்திரிகளின் பெயரும் எண்ணிக்கைகளும் வரக் கூடாது. இன்னும் விற்பனைக்கு வராத புது மெஷினின் ஏழு படங்களை மட்டும், உருவம் பிடிபடாத அளவுக்கு மங்கலாக்கிக் காட்டலாம். இவளை நம்பித்தான் அந்த ஏழு படங்களையும் கொடுத்தார்.

அதன் பிறகு இன்டர்வியூக்கள். முதல் இடத்தில் ஒரு பையன், வயது முப்பதுகூட இருக்காதாம், எல்லாரும் காட்டுகிறார்களே, நீங்கள் என்ன பெரிய ராணுவ ரகசியமா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். இரண்டாவது இடத்தில், எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் உங்கள் வேலை பலித்ததா இல்லையா என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்கள். மூன்றில் ஒரு பங்கு தவறு குறைந்தது என்று மட்டும் சொன்னாளாம். எதில் மூன்றில் ஒரு பங்கு என்று கேட்டார்களாம். அதற்கு இவள் சிரித்தாளாம். வேலை கிடைத்த மாதிரிதான். வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். கழற்றிவிட்ட கம்பெனிக்கு இவ்வளவு விசுவாசமா, அவர்கள் உன்னைத் தெருவில் விட்டார்களே என்று. அவர்கள் செய்தது அவர்களோடு, நான் கொடுத்த வாக்கு என்னோடு என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு நான்தான் ஒத்திகை பார்க்கலாம் என்றேன். சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு பெரிய அதிகாரி போல நான் உட்காருவேன். இந்தப் பக்கம் அவள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் மனைவியின் வேலையைப் பற்றி அப்படித்தான் கேட்டேன். ஒரு இயந்திரம் இருந்ததாம். அதில் எண்ணை அழுத்தி மருந்தின் அளவைச் சொல்ல வேண்டும். வேலை மிகுந்த நாட்களில் தவறான எண்ணை அழுத்திவிடுகிறார்கள். கண் சரியாகத்தான் பார்க்கிறது, பிறகு ஏன் தவறு வருகிறது? இதைக் கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஒரு வார்டின் மூலையில் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் பார்த்தால் தவறு செய்வது கண் அல்ல, கட்டை விரல். கையுறை போட்ட கட்டை விரலுக்கு அடுத்த பட்டன் எங்கே தொடங்குகிறது என்று தெரிவதில்லை. அட்டையில் பதினான்கு மாதிரி செய்தாளாம். பதின்மூன்று உதவவில்லை. ஒவ்வொன்றும் ஏன் உதவவில்லை என்று சொன்னாள். என் மனைவி இவ்வளவு பேசுவாள் என்றே எனக்குத் தெரியாது. முகம் சிவந்துபோய், கை இரண்டும் காற்றில் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தன.

நான் குறுக்குக் கேள்வி போட்டு வாயைக் கிளறுவேன். எந்த ஆஸ்பத்திரி என்பேன், பெரிய ஆஸ்பத்திரி என்பாள். எத்தனை கட்டில் என்பேன், நிறைய என்பாள். உன் புருஷனிடமாவது சொல்லேன் என்று கெஞ்சுவேன். "புருஷன் சாயந்தரம் வருவாரு, இப்ப இன்டர்வியூ நடக்குது" என்பாள். நாங்கள் இரண்டு பேரும் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

மூன்றாவது இடம் காது கேட்காதவர்களுக்கான கருவி செய்கிற கம்பெனி. அதன் டிசைன் பிரிவுக்குத் தலைமை ஒரு அம்மா. போனிலேயே இவள் தயங்கித் தயங்கி, சில விஷயங்களை மறைத்துத்தான் காட்ட முடியும் என்று சொன்னபோது அந்த அம்மா, "மறைச்சே கொண்டு வாங்க. அப்படிப்பட்ட ஆளைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்" என்றார். இவள் போனை வைத்துவிட்டு சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைப்பு. அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. இந்த வேலை இல்லாவிட்டால் இந்தத் தொழிலில் இனிமேல் வேலை இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

அந்தக் கம்பெனியில் ஒரு கட்டுப்பாடு. உள்ளே போகிறவர்கள் போனையும் லேப்டாப்பையும் வாசலில் வைத்துவிட வேண்டும். காகிதம் மட்டும் உள்ளே போகலாம். ஆகவே புத்தகமாக அச்சடிக்க வேண்டும். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. இத்தனை வருஷத்தில் அவள் வேலைக்கு என் கடையால் ஒரு உபயோகம். என்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த தாளை எடுத்து வைத்தேன், நல்ல கனம், பளபளப்பு இல்லாதது. ரெடியான ஃபைல் தருகிறேன் என்றாள். வேண்டாம், ஓப்பன் ஃபைலாகக் கொடு, நிறத்தை நான் சரிபார்க்க வேண்டும் என்றேன். யார் வந்தாலும் நான் ஓப்பன் ஃபைல்தான் கேட்பேன். படங்கள் தனியாக, எழுத்து தனியாக இருந்தால்தான் திருத்த முடியும். கொஞ்சம் யோசித்தாள். பிறகு பென் டிரைவைக் கொடுத்தாள். "எதையும் மாத்த வேண்டாங்க, அப்படியே போட்டுடுங்க" என்று சொன்னாள். என் தொழிலை எனக்கே சொல்லித் தருகிறாயா என்று கேலி செய்து அனுப்பினேன்.

மத்தியானம் கடையில் கூட்டம் இல்லை. ஃபைலைத் திறந்தேன். ஆஸ்பத்திரிகளின் பெயர் வர வேண்டிய இடங்களில் கறுப்புப் பட்டை போட்டிருந்தாள். எண்ணிக்கைகள் வருகிற இடத்திலும் கறுப்புப் பட்டை. மறைக்கிறாள் என்று எனக்குத் தெரியுமே, அதையெல்லாம் தொடவில்லை. அப்புறம் படங்கள் வந்தன. ஏழு படம், ஏழும் மங்கல். ஓரம் எல்லாம் கரைந்து கிடக்கிறது. பன்னிரண்டு வருஷ உழைப்பை இப்படியா கொண்டுபோய் அந்த அம்மாவின் முன்னால் வைப்பது? ஏதோ அவசரத்தில் சின்ன அளவுப் படத்தை எடுத்து ஒட்டிவிட்டாள் என்று நினைத்தேன். மறைப்பது என்றால் கறுப்புப் பட்டை. மங்கலும் மறைப்புத்தான் என்று என் மண்டையில் ஏறவே இல்லை. எங்கள் தொழிலில் மங்கல் என்றால் தப்பு, வேறு அர்த்தம் கிடையாது. அந்த மேனேஜரின் கடிதத்தை அவள் எனக்குக் காட்டியதில்லை. மங்கலாக்கித்தான் காட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. ஒத்திகையிலும் வாயால்தான் சொன்னாள், ஒரு படத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

பென் டிரைவில் 'ஒரிஜினல்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்தால் அதே ஏழு படங்கள், கண்ணாடி போலத் தெளிவாக. அவளுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. கேட்கவில்லை. நாளைக் காலையில் அவள் புத்தகத்தைத் திறந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்று ஆசை. ஒவ்வொன்றாக எடுத்து மாற்றினேன். நிறம் ஏற்றினேன். அச்சாகி வந்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மயிரிழைகூடத் துல்லியமாக விழுந்திருந்தது. படத்தில் என்ன இருக்கிறது என்று அப்போதும் நான் பார்க்கவில்லை.

பைண்டிங் போட்டு, ஓரம் வெட்டி, கண்ணாடி பேப்பரில் சுற்றி ஒட்டினேன். புத்தகக் கடையில் புதுப் புத்தகம் இருக்குமே, அந்த மாதிரி. மறுநாள் காலையில் அவள் கையில் கொடுத்து, பிரிக்காமல் கொண்டு போ, அவர்கள் முன்னால் பிரி, மதிப்பாக இருக்கும் என்றேன். ஒரு தடவை பார்த்துவிடட்டுமா என்றாள். முனை மடங்கிவிடும் என்று தடுத்தேன். என் பேச்சைக் கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம், பெண்டாட்டி என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள்?

மூன்று மணிக்குத் திரும்பி வந்தாள். கடைக்கு வரவில்லை, நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடினேன். கட்டிலின் ஓரத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். "கிடைக்கலங்க" என்றாள். ஏன், என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய் என்று துளைத்தேன். வேறு ஆள் பார்த்துவிட்டார்களாம் என்றாள். நான் அந்தக் கம்பெனியைப் பிடித்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். கண் இருக்கிறதா அவர்களுக்கு, அந்தப் புத்தகத்தைப் பார்த்த பிறகுமா என்று. புத்தகம் எங்கே என்று கேட்டேன். அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றாள். அச்சு எப்படி இருந்தது, ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். நல்லா இருந்தது என்றாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அடுத்த ஒரு மாதம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை கிடைக்காத வருத்தம் என்று நான் எண்ணிக்கொண்டேன். போன் வந்தால் பால்கனிக்கு எடுத்துக்கொண்டு போவாள். பதிவுத் தபால் ஒன்று வந்தது, என்னவென்று கேட்டதற்குப் பழைய ஆபீஸ் கணக்கு என்றாள். பூட்டுதானே, நான் குடையவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் தாள் வாங்க மொத்தக் கடைக்குப் போயிருந்தேன். அங்கே மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் கடை வைத்திருக்கிற இன்னொரு அச்சுக்காரரைப் பார்த்தேன். எங்களுக்குள் போட்டி உண்டு, பகை கிடையாது. தோளில் தட்டி, "என்ன சார், உங்க மெஷின் ரிப்பேரா?" என்றார். இல்லையே என்றேன். "இல்ல, உங்க வீட்டுக்காரம்மா நம்ம கடையில வந்து லெட்டர் பிரிண்ட் எடுத்தாங்க. ரெண்டு தடவை" என்றார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, உடனே, "நான் படிக்கல சார், நம்ம பழக்கம் உங்களுக்குத் தெரியும்ல" என்றும் சொன்னார். நான் தாள் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஜெராக்ஸுக்குக்கூட வேறு கடை வாசலை மிதிக்காதவள். இரண்டு பஸ் மாறி அங்கே போயிருக்கிறாள் என்றால், எனக்குத் தெரியக் கூடாது என்றுதானே அர்த்தம்.

கேட்டேன். முதலில் மழுப்பினாள். அந்தக் கடிதத்தைக் காட்டினால்தான் சாப்பிடுவேன் என்று தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். பிறகு சொன்னாள். குரலை உயர்த்தாமல், வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள்.

அந்த அம்மாவும் இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார்களாம். இவள் பிரித்து, முதல் பக்கத்திலேயே, இதில் சிலவற்றை மறைத்திருக்கிறேன், முன்பு வேலை பார்த்த இடத்துக்கு நான் கொடுத்த வாக்கு அது என்று சொல்லி ஆரம்பித்திருக்கிறாள். அந்த அம்மா புன்னகையோடு தலையாட்டினாராம். கட்டை விரல் கதையைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம். ஒன்பதாவது பக்கத்தைத் திருப்பினாள். யாருமே பார்த்திராத அந்த மெஷின், பட்டன் பட்டனாகத் தெரிந்தது. மூலையில் மாடல் எண்கூடப் படிக்கும்படி இருந்தது. இவள் புத்தகத்தை மூடினாள். ஆனால் எதிரே இருந்த இரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள். பிறகு அந்த அம்மாதான் பேசினார். கோபமாக இல்லையாம், வருத்தமாகத்தான்.

"நாங்க பாத்தது பாத்ததுதான். இதை அவங்களுக்கு எழுதித்தான் ஆகணும், இல்லன்னா நாளைக்கு நாங்க திருடினோம்னு ஆயிடும். புத்தகம் இங்கயே இருக்கட்டும். ஏம்மா, பாக்காமலா கொண்டு வந்தீங்க?"

இவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "என் தப்புதாங்கன்னு சொன்னேன்" என்றாள்.

நான் எழுந்தேன். இப்போதே பழைய கம்பெனிக்கு எழுதுகிறேன், மாற்றினது நான், அவளுக்குத் தெரியவே தெரியாது என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று குதித்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எழுதாதீங்க. ஃபைலை வெளி ஆள்கிட்ட கொடுத்தேன்னு ஆகும். அது இதைவிடப் பெரிய தப்பு."

"நான் வெளி ஆளா?"

"காகிதத்துல அப்படித்தாங்க."

பழைய கம்பெனிக்கு அனுப்பின அந்த இரண்டு கடிதத்திலும் அவள் எழுதியிருந்தது அதுதான். புத்தகத்தைத் தயார் செய்தது நானே, வேறு யாரும் பார்க்கவில்லை என்று. பொய்யே சொல்லத் தெரியாதவள் எனக்காக எழுதின பொய். என் மெஷினில் அச்சடித்தால் நான் பார்த்துவிடுவேனோ என்று பயந்து மேம்பாலத்தைத் தாண்டிப் போயிருக்கிறாள். ஏன் என்னிடம் அன்றைக்கே சொல்லவில்லை, நாலு அறை விட்டிருக்கலாமே என்று கேட்டேன். "அச்சு எப்படி இருந்துச்சுன்னு கேட்டீங்க. அப்ப உங்க முகத்தைப் பாத்தேன். சொல்ல முடியல" என்றாள்.

பழைய கம்பெனிக்காரர்கள் வழக்கு என்று போகவில்லை. அந்த மேனேஜரைக் கூப்பிட்டு, இவளை நம்பி நீ எப்படி அனுமதி வாங்கிக் கொடுத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் இவள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். வேலை போனதைவிட இது அவளை அதிகம் உடைத்தது என்று நினைக்கிறேன். மன்னிப்புக் கேட்க ஆறு தடவை முயன்றாள், பிறகு விட்டுவிட்டாள். கடைசியில் இன்னொரு காகிதம் வந்தது. அங்கே செய்த எதையும், மறைத்தோ மறைக்காமலோ, படமாகவோ பேச்சாகவோ, எங்கேயும் யாரிடமும் காட்ட மாட்டேன். பழைய அனுமதிக் கடிதம் செல்லாது. வைத்திருக்கும் படங்களை அழித்துவிட வேண்டும். கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

அழிப்பதற்கு என் கடைக்கு வந்தாள், கம்ப்யூட்டரிலும் மெஷினின் நினைவிலும் அந்தப் படங்கள் இருந்தனவே. என் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, சரிதானா என்று பார்த்து அழித்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் முதல் தடவையாக ஒரு படத்தைப் படமாகப் பார்த்தேன். கையுறை போட்ட ஒரு கை. அதன் கட்டை விரல், சின்ன வரம்பு கட்டின ஒரு பட்டனின் மேல். விரல் நழுவவே முடியாது, எனக்கே புரிந்தது. "நல்லா இருக்கு" என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு அதையும் அழித்தாள்.

அதற்குப் பிறகு அவள் டிசைன் வேலைக்கு எங்கேயும் விண்ணப்பம் போடவில்லை. பழைய கம்பெனியின் பெயரை எழுதினால் அங்கே போன் பண்ணி விசாரிப்பார்கள், என்ன நடந்தது என்று அவர்கள் சொல்லுவார்கள். இந்தத் தொழிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். என் கடையில் வந்து உட்காரு என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். வேண்டாங்க என்றாள், காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனுக்கு ஆள் வேண்டும் என்று அறிந்து போனாள். நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன், உள்ளேயும் கூடப் போனேன். ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, விலாசம் எல்லாம் அழகாக எழுதினாள். முன் அனுபவம் என்கிற இடத்துக்கு வந்தாள். பேனா நின்றது. ஒரு நொடிதான். 'இல்லை' என்று எழுதினாள்.

டாக்டர் வயதானவர், தங்கமான மனுஷன். படிவத்தைப் பார்த்துவிட்டு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார். கம்ப்யூட்டர் தொட்டதுண்டா, பயப்பட வேண்டாம், இரண்டு நாளில் பழகிவிடும் என்று தைரியம் சொன்னார். இவள் சரிங்க டாக்டர் என்றாள். திங்கள்கிழமை வரச் சொன்னார். பிறகு பேச்சுக்காக என் பக்கம் திரும்பினார்.

"இவங்க இதுக்கு முன்னாடி எங்கயுமே வேலை பாத்ததில்லையா சார்?"

பதினோரு நாள் வார்டில் நின்றதும், பதினான்கு அட்டை மாதிரியும், அந்தக் கட்டை விரலும் எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தன. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க டாக்டர்" என்றேன். "வீட்டுலதான் இருந்தா."

அவள் நன்றியோடு லேசாகத் தலையசைத்தாள்.